நாடியைத் தொட்டுப் பாருங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பராமரிப்புக் கட்டண விவாதம் முடிந்த கையோடு என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். இங்கே பலருக்கு இப்போது இதயம் வேகமாகத்தான் துடித்துக்கொண்டிருக்கும். அதற்குக் கவலை வேண்டாம். கோபம், காய்ச்சல், மாடிப்படி எதுவானாலும் துடிப்பு கூடும். காரணம் போனதும் மெல்ல அடங்கும். நான் சொல்ல வந்தது வேறு.

என் அக்காவுக்கு 71 வயதில் அவ்வப்போது படபடப்பு வந்தது. பத்து நிமிடம் இருக்கும், போய்விடும். டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிடும். ஈசிஜி நார்மல் என்று வரும். என்னிடம் போனில் சொன்னபோது, "காபியைக் குறைச்சுக்கோ அக்கா" என்றேன். மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் கையிலிருந்த டம்ளர் நழுவியது, வாய் கோணியது. பக்கவாதம். அன்று எடுத்த ஈசிஜியில்தான் காரணம் தெரிந்தது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இன்று அக்கா நடக்கிறார். பேச்சுதான் இன்னும் தடுமாறுகிறது. அந்த மூன்று மாதத்தில் இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஒரு தடவைகூட நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லை.

மாரடைப்பு என்பது பைப் அடைப்பு, பிளம்பர் வேலை. துடிப்புக் கோளாறு வயரிங் பிரச்சினை, எலெக்ட்ரீஷியன் வேலை. இதயத்தின் வலது மேலறையில் உள்ள ஒரு சிறு திசு, ஓய்வு நேரத்தில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்தூண்டலை அனுப்புகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் அந்த ஒழுங்கு குலைந்து மேலறைகள் சுருங்காமல் நடுங்குகின்றன. ரத்தம் தேங்கி, இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இதனால் பக்கவாத அபாயம் ஏறக்குறைய 5 மடங்காகிறது. பலருக்குப் படபடப்பே தெரியாது என்பதுதான் இதில் வம்பு.

ஆகவே நாடி பாருங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிடம் முழுதும் எண்ணுங்கள். எண்ணிக்கையோடு தாளத்தையும் கவனியுங்கள். எப்போதாவது ஒரு துடிப்பு விட்டுப்போவது பெரும்பாலும் சாதாரணம்தான். தாளமே இல்லாமல் கண்டபடி துடித்தால் அன்றே, அந்த நிலையிலேயே ஈசிஜி எடுங்கள். வந்து வந்து போகிறதென்றால், ஒரு நாளோ அதற்கு மேலோ உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் கருவி உண்டு. கைக்கடிகாரம் எச்சரித்தால் அது ஒரு குறிப்பு மட்டுமே; ஈசிஜிதான் உறுதி செய்யும். தைராய்டு பரிசோதனையும் அவசியம்.

சிகிச்சையில் மூன்று பகுதி. வேகத்தைக் குறைக்க மாத்திரை. சிலருக்குத் தாளத்தை மீட்க மருந்து, மின்அதிர்வு அல்லது அப்லேஷன். மூன்றாவது, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. இது யாருக்குத் தேவை என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றை வைத்து டாக்டர் முடிவு செய்வார். ஆஸ்பிரின் இதற்கு மாற்று அல்ல. படபடப்பு நின்றுவிட்டது என்றோ, பல் பிடுங்கப் போகிறோம் என்றோ நீங்களாக நிறுத்தாதீர்கள். வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. கீரையை ஒதுக்க வேண்டாம். வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்.

இளைஞர்களுக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. சுவிட்ச் போட்டதுபோல் திடீரென்று 150, 200 என்று சீராக ஓடும். அதேபோல் சட்டென்று நிற்கும். இதை 'டென்ஷன்' என்று ஒதுக்காதீர்கள். அப்லேஷனில் பெரும்பாலோருக்கு முழுமையாகக் குணமாகிறது.

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் உடனே 108. வாய் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், பேச்சு குழறினாலும் அதே 108தான். உறைகட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதனால் "படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் 65 வயது தாண்டியவர்களின் கையை ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஊரில் இருக்கும் பெற்றோரைப் பார்க்கப் போகும்போதும் மறக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் என் வீட்டுக் கதவைத் தட்டலாம்.