முதியோர் கைக்கு ஏற்ற கருவி
(யூபிலி விழாக் கருத்தரங்கில் பங்கு முதியோர் பணிக்குழு சார்பில் ஆற்றிய உரை)



முதுமையின் பெருமையைப் பேச இம்மேடையில் வேறு பலர் உள்ளனர். நாங்கள் ஒரு சின்னப் பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். விரலை வைத்தால் ரேகையைப் படிக்கும் பெட்டி.

ஓய்வூதியம் பெறுகிறவர், தாம் உயிரோடிருப்பதற்கு ஆண்டுதோறும் சான்று தரவேண்டும். முன்பு நவம்பர் மாதத்தில் வங்கிக்கு நேரில் சென்று கையொப்பமிடுவார்கள். 2014 நவம்பர் 10-ஆம் நாள் மத்திய அரசு ‘ஜீவன் பிரமாண்’ திட்டத்தைத் தொடங்கியது. ஆதாரில் பதிந்த கைரேகையோ கருவிழியோ ஒத்துப்போனால் சான்று கணினி வழியே போய்ச் சேர்ந்துவிடும். நல்ல திட்டந்தான். ஆனால் நாங்கள் போன இடங்களில் இருந்ததெல்லாம் ரேகைப் பெட்டியே.

2019-இல் பொன்மலைப் பெரியவர் ஒருவரை ஒரு சேவை மையத்துக்கு அழைத்துச் சென்றோம். ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்தார். ஒன்றும் ஏறவில்லை. “கையைக் கழுவிட்டு வாங்க பெரியவரே” என்றார்கள். கழுவி வந்தார். அப்போதும் இல்லை. வயது ஏற ஏறத் தோல் வறண்டு, ரேகையின் மேடுகள் தட்டையாகும். இவருக்கோ முப்பத்தைந்து ஆண்டுகள் அரமும் இரும்பும் பிடித்த கை. எந்த உழைப்புக்கு ஓய்வூதியம் வந்ததோ, அந்த உழைப்பே ரேகையையும் தின்றுவிட்டது!

“நான் செத்துட்டேன்னு மிஷின் சொல்லுது தம்பி” என்று சிரித்தார். பேருந்தில் திரும்பும்போது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. கருவி தோற்றால் பெரியவர்கள் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். “எனக்கு இதெல்லாம் வராதுப்பா” என்கிறார்கள். நாமும் ஆமென்று விடுகிறோம். எல்லார் விரலிலும் ரேகை இருக்கும் என்று எண்ணிச் செய்தவர்களை யாரும் கேட்பதில்லை.

2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே சான்று தரும் முறை வந்தது. ரேகைப் பெட்டி வேண்டாம், கைப்பேசி போதும். இதனால் பலருக்கு அலைச்சல் தீர்ந்தது. ஆயினும் செயலி முதலில் ‘ஆபரேட்டர்’ முகத்தைக் கேட்கும். அதன் பிறகே ஓய்வூதியர் முகம். தாமாகச் செய்கிறவர் இரண்டு முறையும் தம் முகத்தையே காட்டவேண்டும். நம் பொன்மலைப் பெரியவர் அங்கேயே நின்றுவிட்டார். “நான் ஆபரேட்டர் இல்லையே, ஃபிட்டர்!” அவர் சொன்னதில் என்ன பிழை?

அவரோடு வேலை பார்த்த ஒருவரின் மனைவி ஸ்ரீரங்கத்தில் குடும்ப ஓய்வூதியம் பெறுகிறார். மகன் வெளிநாட்டில்; மாமி தனியே இருக்கிறார். பெரியவர் சொல்லித்தான் 2023 நவம்பரில் அங்கே போனோம். நீண்ட பழைய வீடு. நடு அறையில் வெளிச்சம் போதாமல் செயலி முகத்தை ஏற்கவில்லை. நாற்காலியோடு மாமியை முற்றத்துக்கு நகர்த்தினோம். அடுத்து, கண்ணைச் சிமிட்டச் சொல்லியது. அந்த எழுத்து கைப்பேசியைப் பிடித்திருந்த எங்கள் பக்கம்; மாமிக்குத் தெரிந்தது அதன் முதுகு மட்டுமே. “நன்னா முழிச்சுண்டுதானே இருக்கேன்?” என்று இமைக்காமலே உட்கார்ந்திருந்தார்! வாய்விட்டு ஒரு சொல் சொல்லும்படி செயலியை அமைத்திருந்தால் அந்தப் பாடு இல்லை. முடிந்ததும் சான்று எண் குறுஞ்செய்தியாக வந்தது. அதைக் காகிதத்தில் எழுதி வாங்கி, டைரிக்குள் வைத்த பிறகுதான் மாமிக்கு நிம்மதி.

ஜப்பானில் புஜித்சு நிறுவனம் 2001 முதல் ‘ராக்கு-ராக்கு’ என்ற கைப்பேசியை முதியோருக்கென்றே செய்தது. பெரிய எழுத்து, மகனையோ மகளையோ கூப்பிடத் தனித்தனிப் பொத்தான், பின்வந்த வகைகளில் எதிர்முனைப் பேச்சை மெதுவாக்கிக் கேட்கவும் வசதி. அங்கே இது வியாபாரமாகவே நடந்தது, தருமமாக அல்ல.

கணினித் துறையில் இருக்கும் நம் பங்குப் பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் செய்ததைப் பாட்டியின் கையில் கொடுத்துவிட்டு வாய்மூடிப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ, அங்கே திருத்துங்கள். (வாய்மூடி இருப்பதுதான் கடினம், எங்களாலேயே முடியவில்லை.)

வரும் நவம்பரிலும் பங்கு மன்றத்தில் மேசை போடுகிறோம், இம்முறை வெளிச்சமுள்ள வாசல் பக்கமாக. ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி ஆகியவற்றோடு வாருங்கள். எண்பது கடந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபரிலேயே தரலாம். தொழிலாளர் வைப்புநிதி ஓய்வூதியம் பெறுவோர் எந்த மாதமும் தரலாம். அது ஓராண்டுக்குச் செல்லும். நடக்க இயலாதவர்கள் சொல்லி அனுப்பினால் வீட்டுக்கே வருகிறோம். எண்ணைக் காகிதத்தில் எழுதியும் தருவோம்.