கூட வந்தது யாரு?



மதுவைப் பற்றி நம் ஊரில் மேடை போட்டால் பேச்சு எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும். 1983-இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் வந்தது, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது, கடையை மூடு, மூடாதே! அந்தச் சண்டை நடக்கட்டும். அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். கடை திறந்தாலும் மூடினாலும், ராத்திரி எழும்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியிலும் கோயம்பேடு சந்தை ஓரத்திலும் அட்டைப்பெட்டியை விரித்துப் படுக்கிறாரே, அவரைப் பற்றிப் பேசத்தான் நான் வந்தேன். குடி உண்டு, வீடு இல்லை. அவருக்கு நாம் என்ன சொல்கிறோம்?

“முதல்ல குடியை விட்டுட்டு வா, அப்புறம் பார்க்கலாம்.” சொந்தக்காரர் இதைத்தான் சொல்கிறார். மேஸ்திரியும் இதைத்தான் சொல்கிறார். இடம் கேட்டுப் போகிற வாசலிலும் பெரும்பாலும் இதே பதில்தான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐயா, காய்ச்சல் விட்டதும் வா, மாத்திரை தருகிறேன் என்று எந்த டாக்டராவது சொல்வாரா?

பல வருஷம் தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் சும்மா இருக்காது. சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதையும் தாண்டினால் சிலருக்குச் சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், யாருமே பேசாத குரல் கேட்கும், நேரமும் இடமும் குழம்பிப்போகும். கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும். டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. விடியற்காலை 5 மணிக்கு நடுக்கத்தோடு விழிக்கிறவர் அந்த ஏழு மணி நேரத்தை எப்படித் தள்ளுகிறார்? பிளாக்கில் கூடுதல் காசு கொடுத்து ஒரு கட்டிங். அது ஆசைக்குக் குடிப்பதில்லை. கை நிற்பதற்காகக் குடிப்பது. வைராக்கியம் வேண்டும் என்று சொல்லும் பெரியவர்களை மதிக்கிறேன். ஆனால் வைராக்கியம் வலிப்பை நிறுத்தாது. அதற்கு மருந்து இருக்கிறது. கண்காணிக்க ஆள் வேண்டும். தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி அதிகச் செலவில்லாதது. அந்தச் சத்து அடியோடு குறைந்துபோனால் ஞாபகசக்தியே நிரந்தரமாக அழிந்துவிடக்கூடும்.

சரி, மருத்துவமனைக்கே அழைத்துப் போகலாம். சீட்டு வாங்கும் இடத்தில் கேட்கிறார்கள்: “கூட வந்தது யாரு?”

இந்தக் கேள்வியை நான் குறை சொல்லவில்லை. நோயாளியோடு ஓர் அட்டெண்டர் வேண்டும் என்பதில் அர்த்தம் இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். 1980-இல் அவர் சென்னையில் தொடங்கிய நிறுவனம்தான் இன்று இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனையாக நிற்கிறது. குடிநோய் ஒருவரை மட்டும் பிடிப்பதில்லை, மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்தே நோகிறார்கள் என்று குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தவர் அவர். ஆயிரக்கணக்கான வீடுகள் அதனால் பிழைத்தன. என் கேள்வி வேறு. மனைவி போய், அண்ணன் தம்பி கைவிட்டு, ஆதாரும் தொலைந்து, ரேஷன் கார்டில் பெயரும் இல்லாமல் நிற்கிறவருக்கு அட்டெண்டராகக் கூட உட்கார யார் வருவார்?

சட்டம் அவரை மறக்கவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். குடியால் வரும் மனநிலைக் கோளாறுகளும் அதில் அடக்கம். வீடற்றவருக்கு, ஆதரவற்றவருக்கு அரசு மனநலச் சிகிச்சை இலவசம். வறுமைக்கோட்டு அட்டை கையில் இல்லாத ஏழைக்கும் அப்படியே. பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தாளில் எல்லாம் இருக்கிறது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்துபோக ஓர் ஆள்தான் இல்லை.

இன்னொன்றும் உண்டு. சில நாள் வார்டில் படுத்து, போதை தெளிந்து, முகம் மழித்து, நல்ல மனுஷனாக வெளியே வருகிறார். எங்கே போவார்? அதே அட்டைப்பெட்டிக்கு, அதே கூட்டாளிகளுக்கு நடுவே. மறுபடி விழுந்தால், “பார்த்தியா, இவனுங்கள்லாம் திருந்தவே மாட்டானுங்க” என்கிறோம்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ‘முதலில் குடியை விடு’ என்பதையே தலைகீழாக்கிப் பார்த்தார்கள். 2005-இல் ‘1811 ஈஸ்ட்லேக்’ என்று ஒரு கட்டடம். 75 பேருக்கு வீடு. தெருவில் கிடந்து, ஆம்புலன்ஸிலும் சிறையிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் மாறி மாறி ஏறி இறங்கிய கடுங்குடிநோயாளிகளைத் தேடிப்பிடித்துச் சாவியைக் கொடுத்தார்கள். குடியை விட வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அறைக்குள் குடித்தாலும் வெளியேற்றவில்லை. உதவிக்கு ஊழியர்கள் அங்கேயே இருந்தார்கள். ஊர் கொதித்தது. வழக்கு போட்டார்கள், குடிகாரர்களுக்குக் கட்டிலா என்று கேலி பேசினார்கள். நம் ஊராக இருந்தால் எதிர்ப்புத் தட்டியே வைத்திருப்போம்.

2009-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் கணக்கு வந்தது. அந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தைய வருஷம் இவர்களில் ஒருவருக்குப் பொதுப்பணம் மாதம் சுமார் 4,066 டாலர் செலவானது. வீட்டுக்குள் வந்து ஓராண்டில் அது 958 டாலராக இறங்கியது. யாரும் தடுக்காமலே குடியின் அளவும் குறைந்தது. எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். ஆனால் கதவு உள்ள ஓர் அறை கிடைத்ததும் ராத்திரி உதைபடாமல் தூங்க முடிந்தது, சாப்பிட முடிந்தது, மாத்திரையை வைக்க ஓர் இடம் இருந்தது. நிறுத்துவதைப் பற்றி யோசிக்கவே அதற்குப் பிறகுதான் ஒருவருக்கு நேரம் கிடைக்கிறது.

அப்படியே இங்கே கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. நம் காப்பகங்கள் பெரும்பாலும் ஒரே கூடம். பத்திருபது பேர் வரிசையாகப் பாய் போட்டுப் படுக்கிறார்கள். அதற்குள் ஒருவர் குடித்துவிட்டு வந்தால் பக்கத்தில் படுக்கிற முதியவருக்கும் நிம்மதி போகும். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் குடிநோய் உள்ளவர்களுக்கென்றே தனி இடம், சிறிய அறைகள், செவிலியர் ஒருவர் வேண்டும் என்கிறேன். மாநகராட்சியிடம் கேட்க வேண்டிய கோரிக்கை அது; கேட்போம், எழுதியே கேட்போம்.

அதுவரை நம்மால் ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன. 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையிருந்து தொடங்கிய இயக்கம் அது. கட்டணம் கிடையாது, முகவரி கேட்பதில்லை. போதைமீட்பு உதவிக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் அவரைக் கூட்டிப்போக ஒருவர் வேண்டும். மருத்துவமனைக் கவுண்டரில் அந்தக் கேள்வி வரும்போது, “நான்தான் வந்தேன்” என்று சொல்ல ஒருவர் வேண்டும். மாதத்தில் ஒரு நாள் போதும். பணம் வேண்டாம், உபதேசம் சுத்தமாக வேண்டாம். நம் வாசகர் வட்டச் செயலாளர் கதவோரம் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். எந்தக் கிழமை உங்களுக்குத் தோதுப்படும் என்று எழுதிவிட்டுப் போங்கள். திங்கட்கிழமைகளுக்குத்தான் ஆள் குறைவு.