வைக்கோலும் ஒரு வினாவும்



கும்மிடிப்பூண்டி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் நான் அறிவியல் ஆசிரியனாகப் பணியாற்றிய காலம். சாளரத்தின் ஒருபுறம் நெல் வயல். மறுபுறம் தொலைவில் சிப்காட் ஆலைகளின் புகைபோக்கிகள். அறுவடை நாளொன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, மாடு வைக்கோலைத் தின்று உயிர் வாழ்கிறதே, நாம் ஏன் அவ்வாறு வாழ முடிவதில்லை?" என்று வினவினான். வகுப்பே நகைத்தது. எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "பாடத்தில் இல்லாததைக் கேளாதே, உட்கார்" என்று அதட்டினேன். அதன்பின் அவன் என் வகுப்பில் வினா எழுப்பவே இல்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின், அவனுக்குரிய விடையை இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

சோற்றுப் பருக்கை சிலவற்றை வாயிலிட்டு நெடுநேரம் மென்று பாருங்கள். சற்றே இனிப்புத் தோன்றும். சோற்றிலுள்ள மாச்சத்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோக்கப்பெற்றது. உமிழ்நீரிலுள்ள நொதி அச்சங்கிலியை வெட்டுவதால் இனிப்புப் பிறக்கிறது. வைக்கோலிலுள்ள செல்லுலோஸும் அதே குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால் அதன் கண்ணிகள் பிணைந்த முறை வேறு. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி நம் உடலில் இல்லை. மாடு தானாகச் சுரக்கும் நொதிகளிலும் இல்லை! அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடமே அச்சாவி இருக்கிறது. மாடு அவற்றுக்கு இடமும் இரையும் தருகிறது. அவை மாட்டை வாழ்விக்கின்றன.

அச்சாவி மனிதன் கைக்கு வந்த வரலாறு சுவையானது. ஈஸ்டு உயிரணுக்களை அரைத்துப் பிழிந்த சாறே சர்க்கரையைச் சாராயமாக்கும் என்று 1897-ல் ஜெர்மானிய அறிஞர் எடுவர்டு புக்னர் காட்டினார். முழு உயிரணு இல்லாமலும் நொதி வேலை செய்யும் என்பது விளங்கிற்று. 1907-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் மக்கி வீணாயின. காரணம் தேடியபோது, சாலமன் தீவுகளில் ஒரு பூஞ்சை அகப்பட்டது. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பவரின் பெயரால் அது டிரைக்கோடெர்மா ரீசியை என வழங்குகிறது. செல்லுலோஸைச் சர்க்கரையாக்கும் நொதிகளை அது மிகுதியாகச் சுரக்கிறது. கூடாரத்தை அழித்த பகைவன் இன்று ஆலைப் பணியாளனாகி விட்டான்.

சர்க்கரை கிடைத்தபின் வேலை எளிது. ஈஸ்டிடம் கொடுத்தால் எரிசாராயம் கிடைக்கும். 180 கிராம் குளுக்கோஸ் கணக்கின்படி 92 கிராம் எரிசாராயமும் 88 கிராம் கரியமில வாயுவும் ஆகும். வேறு சில பாக்டீரியாக்களிடம் கொடுத்தால், தயிரைப் புளிக்கச் செய்யும் லாக்டிக் அமிலம் கிடைக்கும்; அதிலிருந்து ஒருவகைப் பிளாஸ்டிக் செய்கிறார்கள். இன்று வாகன எரிபொருளும் பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் பூமியெண்ணெய் போன்ற புதைபடிவ வளங்களிலிருந்தே வருகின்றன. எண்ணெய் ஒருநாள் தீரும். பயிரோ ஆண்டுதோறும் விளையும்.

நம் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்று உண்டு. சர்க்கரை ஆலைகளில் எஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எரிசாராயம் வடிப்பது பழைய தொழில். வைக்கோலிலிருந்து வடிப்பதே புதியது. அரியானா மாநிலம் பானிப்பட்டில் 2022 ஆகஸ்டு 10 அன்று அத்தகைய ஆலை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் திட்டம். எனினும் இது எளிய செயலன்று. லிக்னின் என்னும் பொருள் செல்லுலோஸை இறுகப் பற்றியிருப்பதால், முதலில் வைக்கோலைப் பக்குவப்படுத்த வேண்டும். நொதிக்கும் செலவு, வயல்தோறும் வைக்கோலைத் திரட்டுவதற்கும் செலவு.

மற்றொன்றும் எண்ணிப் பாருங்கள். வடக்கே வயலில் கொளுத்தி வந்த வைக்கோலை ஆலைக்கு அனுப்புவது நன்று. நம் ஊரிலோ வைக்கோல் மாட்டின் உணவு. அதன் வாயிலிருந்து பறித்து ஆலைக்கு இடுவது அறிவாகாது. பல இடங்களில் வீணே கொளுத்தப்படும் கரும்புச் சோகையைப் பயன்படுத்த வழி காணலாமே! எதை எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று ஆராய்வதும் அறிவியலே.

அன்று நகைப்புக்கு இடமான வினாவில் இத்துணை பொருளும் அடங்கியிருந்தது. அந்த மாணவன் இன்று எங்கிருக்கிறானோ அறியேன். இதைக் கேட்டானாயின், தன் ஆசிரியரைப் பொறுத்தருள்வானாக. நீங்களோ, நகைப்பார்களே என்று அஞ்சி எந்த வினாவையும் விழுங்கிவிடாதீர்கள்.