தளையும் டைமிங் சங்கிலியும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘கவிதையில் கட்டமைப்பு’ எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. யாப்பு கற்பிப்பவள் ஆதலின் வெண்பாவில் தொடங்குவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் மோட்டார் இஞ்சினில் தொடங்குகிறேன்.

அம்பாசிடர் காரின் 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சினை என் தமையனார் வீட்டு முற்றத்திலேயே பிரித்துப் பூட்டினார். பிஸ்டன் வளையங்களை மாற்றவும் வால்வுகளைத் தேய்த்து அமர்த்தவும் பல நாள்கள் சென்றன. ஆயினும் அவர் பேச்சையே நிறுத்திவிட்டுச் செய்தது சிறிது நேரமே பிடிக்கும் ஒரு வேலையை. அதுதான் கேம் தண்டுக்கு டைமிங் வைத்தல்.

உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் ஆகிய நான்கு வீச்சுகளும் முடியக் கிராங்க் தண்டு இருமுறை சுழல வேண்டும். அதற்குள் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒருமுறையே சுழல வேண்டும். ஆகவே அதன் சக்கரத்துக்குப் பற்கள் இருமடங்கு. இரு சக்கரங்களிலும் பொட்டுப் போல் ஒரு குறி உண்டு. அவ்விரு பொட்டுகளும் சக்கர மையங்களை இணைக்கும் நேர்க்கோட்டில் ஒன்றையொன்று நோக்கி நிற்குமாறு வைத்துச் சங்கிலியைப் பூட்ட வேண்டும்.

ஒரு பல் தவறினால் என்ன ஆகும்? சிறு சக்கரத்துக்கு 20 பற்கள் எனக் கொண்டால், கிராங்கின் கணக்கில் 18 பாகைப் பிழை. வால்வு உரிய நேரத்தில் திறவாது. உரிய நேரத்தில் மூடாது. இஞ்சின் இழுவை குன்றும். வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தில் முன்பின்னாக வந்துபோகும் அமைப்புடைய இஞ்சின்களில் பிழை மிகுந்தால் வால்வே வளைந்துவிடும். இத்தனைக்கும் எந்த உறுப்பிலும் குறையில்லை. குறை, உறுப்புக்கும் உறுப்புக்கும் இடையிலுள்ள உறவில்தான்.

யாப்பு நூலார் தளை என்றது இந்த உறவைத்தான். மா முன் நிரையும் விளம் முன் நேரும் காய் முன் நேரும் வருவது வெண்டளை. தனியே நோக்கின் தேமாவும் குற்றமற்றது, கூவிளமும் குற்றமற்றது. தேமாவை அடுத்துக் கூவிளம் வந்தால் வெண்பா தளை தட்டுகிறது. தளை என்னும் சொல்லுக்கு விலங்கு என்றும் பொருள் உண்டென்று கூறி அதை வெறுப்பவர் உளர். சங்கிலியும் விலங்குதான், ஆனால் அதைக் கழற்றிய இஞ்சின் விடுதலை பெறுவதில்லை, நின்றுவிடுகிறது.

அப்படியானால் புதுக்கவிதை பிழையா என்று கேட்பீர்கள். இல்லை. அது பொட்டுக் குறி இல்லாத சக்கரம். குறி தேய்ந்த இஞ்சினைப் பிரிக்கும் முன், அறிந்த மெக்கானிக் தாமே பெயிண்டால் குறியிட்டுக் கொள்வார். மரபின் குறியைத் துறந்த கவிஞரும், இந்த வரிக்குப்பின் ஏன் இந்த வரி என்பதற்குத் தம் குறியைத் தாமே வைத்தாக வேண்டும். அவருக்குப் பொறுப்பு குறையவில்லை; கூடியிருக்கிறது.

பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் படிமங்களைப் பாராட்டியிருக்கிறோம், சொற்களைப் பாராட்டியிருக்கிறோம். இணைப்புகளைப் போதிய அளவு சோதித்தோமா? சங்கிலியைப் பூட்டியவுடன் எவரும் இஞ்சினை முடுக்குவதில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையாலேயே கிராங்கை இரு முழுச் சுற்று சுற்றி, பொட்டுகள் மீண்டும் எதிரெதிரே வருகின்றனவா என்று பார்ப்பார்கள். இடையில் எங்கேனும் முட்டினால் வலிந்து திருப்பமாட்டார்கள். நிறுத்திக் காரணம் தேடுவார்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன் உங்கள் கவிதையையும் இருமுறை வாய்விட்டுப் படியுங்கள். முட்டும் இடத்தைக் குரலால் மழுப்பிக் கடந்துவிடாதீர்கள். அங்கேதான் ஒரு பல் தவறியிருக்கிறது.