எந்த உழைப்புக்கு அங்கே கணக்கு உண்டு?

(வலிகாமத்துக் கிராமமொன்றில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



கனடாவிலே கற்று, அல்லது தொழில் புரிந்து, அதன் பயனாக நிரந்தர வதிவிட உரிமை பெறுவது எங்ஙனம் என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். போகலாமா, போகலாகாதா என்று தீர்ப்புக் கூற யான் வரவில்லை. அது அவரவர் வீட்டுக்குள் முடிவாகவேண்டிய காரியம். ஆனால் நாலு பரப்புத் தோட்டக்காணியை ஈடுவைத்து மகனையோ மகளையோ அனுப்புகின்ற தந்தைக்கு ஒன்று தெரிந்திருத்தல் வேண்டும். அப்பிள்ளை அங்கே செய்யப்போகும் வேலைகளுள் எதனை அந்நாட்டுச் சட்டம் கணக்கில் எடுக்கும், எதனை எடுக்காது என்பதே அது. உழைத்தால் உரிமை கிடைக்கும் என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். எல்லா உழைப்புக்கும் அங்கே கணக்கில்லை என்பதைச் சொல்லவே இம்மேடையில் ஏறினேன்.

பழைய வரலாற்றைச் சிறிது பார்ப்போம். கனடா நெடுங்காலம் மனிதரை நிறத்தால் அளந்த நாடு. 1962ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளே அவ்வளவுகோலை ஒதுக்கத் தொடங்கின. 1967இல் புள்ளிமுறை வந்தது. கல்வி, தொழில், மொழி, வயது முதலியவற்றுக்கு 100 புள்ளிகள் வகுத்து, 50 பெற்றவரை ஏற்கலாம் என்றனர். 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்திற்குப் பின் உத்தியோகப் படிகள் அடைபடக் கண்ட நம்மவருள் சிலர் பின்னாளில் அக்கதவால் நுழைந்தனர். 1983க்குப் பின் பல்லாயிரவர் சென்ற வழி வேறு. அவர்கள் அடைக்கலம் தேடிச் சென்றவர்கள். அந்தக் கதையையும் இந்தக் கதையையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, 'மாமா போனார், இருந்தார், உரிமை பெற்றார், மருமகனும் அப்படியே பெறுவான்' என்று கணக்குப் போடுவோர் இன்றும் உளர்.

புள்ளிமுறையால் உள்ளே வந்த மருத்துவரும் பொறியியலாளரும் தத்தம் தொழிலில் அனுமதி கிடையாமல் வாடகைக் கார் ஓட்டிய அவலம் அங்கே பழங்கதை. அந்நாட்டிலேயே கற்றவர், அந்நாட்டிலேயே பணிபுரிந்தவர் விரைவில் வேரூன்றுவர் என்ற எண்ணத்தில் 2008 செப்டெம்பரில் 'கனடிய அனுபவ வகுப்பு' என்ற புதுவழி திறக்கப்பட்டது. 2015 ஜனவரி முதல் அது 'துரித நுழைவு' என்ற முறைக்குள் அடங்கிற்று. கியூபெக் மாகாணம் மட்டும் தனக்கெனத் தெரிவுமுறை வைத்திருக்கிறது.

இவ்வகுப்பின் விதியைச் சொல்கிறேன். விண்ணப்பத்திற்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் கனடாவில் ஓராண்டேனும் திறன்சார் தொழில் புரிந்திருத்தல் வேண்டும். ஓராண்டென்பது 1,560 மணித்தியாலம். அதாவது வாரத்துக்கு 30 மணித்தியாலமாக 52 வாரம். வாரத்தில் 60 மணித்தியாலம் உழைத்தால் ஆறு மாதத்தில் முடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. முப்பதுக்கு மேற்பட்டவற்றை அவர்கள் எண்ணுவதில்லை. முழுநேர மாணவனாயிருந்த காலத்து வேலை எண்ணப்படாது. சொந்தத் தொழில் எண்ணப்படாது. அனுமதிப்பத்திரமின்றிச் செய்த வேலை எண்ணப்படாததோடு, பின்னர் இடராகவும் முடியலாம்.

அடுத்து, திறன்சார் தொழில் என்பது யாது? இங்கேதான் கமக்காரப் பெருமக்கள் காதைத் தீட்டிக்கொள்ளவேண்டும். அந்நாட்டார் தொழில்கள் யாவற்றையும் 0 முதல் 5 வரை ஆறு தரங்களாகப் பிரித்துள்ளனர். 0, 1, 2, 3 ஆகிய தரங்களே இவ்வகுப்பிற் செல்லும். பண்ணை முகாமையாளர் 0ஆம் தரம். பண்ணை மேற்பார்வையாளர் 2ஆம் தரம். உழவு இயந்திரம் ஓட்டுபவர் 4ஆம் தரம். அறுவடைத் தொழிலாளியும் கண்ணாடி வீட்டில் நாற்று நடுபவரும் 5ஆம் தரம். மண்ணிலிருந்து விலகி நிற்கும் அளவுக்குத் தரம் உயர்வதைக் கவனித்தீர்களா? வெங்காயப் பாத்தியில் நாற்பது ஆண்டு நின்று, மண்ணை முகர்ந்தே பதம் சொல்லவல்ல மனிதர் இக்கூட்டத்தில் இருக்கிறார். அங்கே போய்ப் பாத்தியில் இறங்கினால் அவர் 'திறனற்றவர்'. பெரும் உணவகச் சமையற்காரனுக்கும் பாரவூர்திச் சாரதிக்கும் 3ஆம் தரம் உண்டு. கடையில் காசு வாங்கிப் போடும் பட்டதாரிப் பிள்ளைக்கு இல்லை.

ஒன்ராறியோ மாகாணத்தில் லெமிங்ரன் என்றோர் ஊர். தக்காளியும் வெள்ளரியும் விளையும் கண்ணாடி வீடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் ஊர். அங்கும் மற்றைப் பண்ணைகளிலும் உழைப்பதற்கென 1966இல் ஜமேக்காவிலிருந்து பருவகாலத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். 1974இல் மெக்சிக்கோவும் சேர்ந்தது. ஆண்டுக்கு எட்டு மாதம் வரை வேலை, பின் ஊர் திரும்பவேண்டும், மறுவருடம் மீண்டும் வரலாம். இருபது பருவம் வந்து உழைத்தவனுக்கும் அந்த இருபது பருவம் இவ்வகுப்பில் ஒரு நாளாகவும் எண்ணப்படுவதில்லை. விவசாய உணவுத்துறைக்கென 2020 மே மாதம் தொடங்கப்பெற்ற பரீட்சார்த்தத் திட்டம் கண்ணாடி வீட்டுத் தொழிலாளர் முதலியோருக்குச் சிறு கதவு திறந்தது. அதுவும் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டது. மாகாணங்கள் சில தத்தம் நியமனத் திட்டங்களில் இத்தகையோருக்கு அவ்வப்போது இடம் தருவதுண்டு. அவை மாகாணத்துக்கு மாகாணம் வேறு. அந்தப் பருவகாலத் திட்டத்தில் இலங்கை சேரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பேரால் உங்களிடம் பணம் கேட்பவன் யாரென்று நான் சொல்லவேண்டியதில்லை.

இதைக் கேட்டு 'அந்நியன் அநியாயம் செய்கிறான்' என்று கோபிப்பவர், நம் நாட்டு வரலாற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். தேயிலை மலைகளில் தலைமுறை தலைமுறையாய் உழைத்தவர்களை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? உழைத்தாயா என்று கேட்கவில்லை; தந்தை பிறந்த பத்திரம் எங்கே என்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் சட்டம், விவாகமானவர் 7 ஆண்டும் ஆகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது வசித்ததற்கு அத்தாட்சி கேட்டது. பெரும்பாலோருக்கு மறுப்பே கிடைத்தது. இறுதிச் சட்டம் வருவதற்கு 2003 வரை செல்லவேண்டியிருந்தது. பத்திரம் இல்லாத உழைப்பு எந்தக் கதிக்கு ஆளாகும் என்பதை அறிய நாம் கனடாவுக்குப் போகவேண்டியதில்லை.

ஆதலால் கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு எழுதும்போது இதை எழுதுங்கள்: கைக்காசுக்கு வேலை செய்யாதே. ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் வரிப்பத்திரத்தையும் பேணி வை. வேலையை விட்டு நீங்கும்போது, செய்த கடமைகள், வாரத்து மணித்தியாலம், சம்பளம் ஆகிய மூன்றும் குறித்த கடிதத்தைத் தொழில்கொள்வோரிடம் வாங்கிக்கொள். பதவிப்பெயர் மட்டும் போதாது. அவர்கள் கடமைகளையே பார்க்கின்றனர்.

மாணவர் விஷயத்திற்கு வருகிறேன். படிப்பு முடிந்ததும் எட்டு மாதம் முதல் மூன்றாண்டு வரை வேலை அனுமதி கிடைக்கலாம். அது வாழ்நாளில் ஒரேயொரு தடவை. அக்காலத்துக்குள் அந்த ஓராண்டுத் தொழிலைத் தேடிக்கொள்ளவேண்டும். ஆனால் எல்லாக் கல்லூரிக்கும் இவ்வனுமதி இல்லை. அரசாங்கக் கல்லூரியின் பாடத்திட்டத்தை இரவல் வாங்கி நடத்தும் தனியார் கல்லூரிகளில் 2024 மே 15க்குப் பின் சேர்ந்தவருக்கு அது கிடையாது. 2024 நவம்பர் முதல் மொழித்தேர்ச்சியும் கேட்கின்றனர். கல்லூரிப் படிப்பாயின் பெரும்பாலும் குறித்த துறையாகவும் இருத்தல் வேண்டும். 'கல்லூரி நல்ல கல்லூரி' என்று முகவர் கூறுவது உண்மையாகவே இருக்கலாம். அப்படிப்பின் முடிவில் வேலை அனுமதி உண்டா என்பதே நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி.

இவை யாவும் நிறைந்தபின்னும், கிடைப்பது வரிசையில் நிற்கும் தகுதி மாத்திரமே. வரிசையில் நிற்போரைப் புள்ளிப்படி அழைப்பர். வெட்டுப்புள்ளி என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஒருவரும் விளக்கவேண்டியதில்லை! 2021 பெப்ரவரியில் 75 புள்ளி பெற்றவரையும் உள்ளடக்கி ஒரே நாளில் 27,332 பேரை அழைத்தார்கள். அவ்வாண்டு செப்டெம்பரிலிருந்து 2022 ஜூலை வரை இவ்வகுப்பினருள் ஒருவரையும் அழைக்கவில்லை. 2025இலோ வெட்டுப்புள்ளி 500ஐத் தாண்டி நின்றது. வேலைவாய்ப்புக் கடிதத்திற்கு வழங்கிவந்த மேலதிகப் புள்ளிகளை 2025 மார்ச்சில் நீக்கிவிட்டனர்; ஆயினும் அப்புள்ளிகளைக் காட்டிக் கடிதம் விற்போர் நீங்கியதாகத் தெரியவில்லை. வயதுப் புள்ளி 20 முதல் 29 வரையே முழுமையாகக் கிடைக்கும்; 45இல் ஒன்றுமில்லை. இங்கேயுள்ள நடுவயது உத்தியோகத்தர், தம் இருபதாண்டுச் சேவைக்கு எத்தனை புள்ளி என்று கேட்கிறார். மொழித்தேர்ச்சி உயர்வாக இருந்தால் சிறிது உண்டு. மூன்றாண்டுக்கு மேற்பட்ட சேவை எவ்வளவாயினும் அதே அளவே. உரிமை கிடைத்தாலும், மருத்துவமும் சட்டமும் புரிய அந்தந்த மாகாணத்தின் தொழில் அனுமதியை வேறாகப் பெறவேண்டும்.

முகவர்களைப் பற்றி ஒரு சொல். கட்டணம் வாங்கி இவ்விண்ணப்பங்களை நடத்தச் சட்டப்படி தகுதியுள்ளோர் அந்நாட்டு வழக்கறிஞரும், அங்கே பதிவுபெற்ற சட்டத் துணையாளரும், கியூபெக் நொத்தாரிசும், குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் அங்கத்தவரும் ஆவர். அவர்களின் பெயர்ப்பட்டியல் பகிரங்கமானது, எவரும் பார்க்கலாம். 2023இல் போலி அனுமதிக் கடிதங்களோடு சென்றிருந்த இந்திய மாணவர் பலர் நாடுகடத்தப்படும் நிலைக்கு வந்தது உலகறிந்த செய்தி. அக்கடிதம் போலியென்று அவர்களுள் பலருக்கே தெரிந்திருக்கவில்லை.

இங்கே சிலர் கல்லூரிக் கடிதங்களைக் கையோடு கொண்டுவந்திருப்பதைக் காண்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேசையருகே வாருங்கள். ஒவ்வொன்றாக வாசித்துப் பார்ப்போம். நாளைக் காலையில் நொத்தாரிசிடம் ஈட்டு உறுதிக்குக் கையொப்பமிடப் போகிறவர் யாரேனும் இருந்தால், அவர் முதலில் வரட்டும்.