தோலில் இல்லாத தீட்டு

தோல்வேலை செய்கிறவர்கள் எங்கிருந்து வந்தவர்கள், பிழைப்புக்கு அவர்கள் வேறு என்ன செய்கிறார்கள் என்ற கேள்வியை இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் பகலெல்லாம் கணினி நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, இரவில் மேசை விளக்கடியில் உட்கார்ந்து பர்ஸும் பெல்ட்டும் தைக்கிற இளைஞர்கள் இன்று இருக்கிறார்கள். குரோமியம் சேராத, மரப்பட்டையில் பதனிட்ட தோலைத்தான் அவர்கள் தேடி வாங்குகிறார்கள். அந்தத் தோலைப் பதனிட்டுப் பெயர் வாங்கிய ஊர்களில் நம் திண்டுக்கல்லும் ஒன்று. ஆனால் இதே மாவட்டத்தின் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகத் தோல் தைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், தாத்தா என்ன வேலை செய்தார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். கையில் இருப்பது ஒரே பொருள். ஒருவர் அதைப் படம் எடுத்து ஊருக்குக் காட்டுகிறார், இன்னொருவர் மறைக்கிறார். இந்த வேற்றுமைக்குத் தோல் காரணமில்லை, பிறப்புதான் காரணம் என்பதைத் தோல்வேலைக்கு வந்தவர்களின் வரலாற்றைக் கொண்டே நிறுவ முடியும் என்று நினைக்கிறேன்.

தோல்வேலை பகுதிநேர வேலையாக இருப்பது நகரத்து இளைஞர்கள் தொடங்கிவைத்த வழக்கம் அல்ல. திண்டுக்கல் மாவட்டத்துத் தொப்பம்பட்டிச் சுற்றுவட்டாரத்து மேட்டு நிலங்கள் கிணற்றை நம்பியவை. மின்சார மோட்டார் வரும்வரை அந்தக் கிணறுகளிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவந்தது கவலை என்ற மாட்டு இறைப்பு. மாடுகள் சரிவில் இறங்கும்போது வடக்கயிறு தண்ணீர் மொண்ட பறியை மேலே இழுக்கும். பறியின் அடியில் தைத்திருக்கும் தோல் தும்பியின் வாயை இன்னொரு கயிறு மடக்கிப் பிடித்திருக்கும். கிணற்றின் விளிம்புக்கு வந்ததும் தும்பி நீண்டு விழுந்து, தண்ணீர் தானாக வாய்க்காலில் கொட்டும். நாள் முழுக்க நனைந்து, இரவெல்லாம் காய்ந்து, கல்லில் உரசி, அந்தத் தும்பி அடிக்கடி கிழியும். கிழிந்தால் பாசனம் நின்றுவிடும். வாரைக் கோத்து அதைத் தைத்துக் கொடுத்த அருந்ததியர், அந்த வேலைக்கு அறுவடையின்போது களத்தில் தானியம் வாங்கினார். மற்ற நாட்களில் அதே பண்ணையில் ஏர் பிடித்தார், களை எடுத்தார், மாடு மேய்த்தார். ஆக அவருக்கும் பகல்வேலை ஒன்று, தோல்வேலை ஒன்று என்று இரண்டு இருந்தன. இரண்டையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை என்பதில்தான் கணினிப் பொறியாளரிடமிருந்து அவர் வேறுபடுகிறார். ஒரு வட்டாரத்தின் விவசாயமே அவருடைய ஊசியை நம்பியிருந்தும், தண்ணீர் ஏறிய அந்தக் கிணற்றில் அவர் இறங்கக் கூடாது என்று ஊர் சொன்னது. அவர் கை தைத்த தும்பி கிணற்றுக்குள் போகலாம், அவர் போகக் கூடாது. தீட்டு பொருளில் இல்லை என்பதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டுமா?

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், செத்த மாட்டின் தோலைத் தொடுவதால் தீட்டு என்பது. அது உண்மையென்றால் தோலைத் தொட்ட எல்லாரையும் அது ஒட்டியிருக்க வேண்டும். யாரை ஒட்டியது, யாரை ஒட்டவில்லை என்று பார்ப்போம். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சார்லஸ் டி சூசா என்ற யூரேசியர், பட்டைத் தொட்டியிலிருந்து எடுத்த தோலைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து அந்தக் குறையைப் போக்கியதாகத் தொழில் வரலாறு சொல்கிறது. ஐரோப்பியச் சந்தைக்கு ஏற்ற தோல் அப்படித்தான் உருவானது. திண்டுக்கல்லிலும் வாணியம்பாடி, ஆம்பூரிலும் தொழிற்சாலைகளைப் பெரும்பாலும் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் நடத்தின. பொறியியல் ஆசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1900களின் தொடக்கத்தில் சென்னையில் குரோம் பதனிடலைச் சோதித்து, அரசின் ஆதரவோடு வளர்த்தார். சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தில் நடத்திய குரோம் தோல் ஆலையால் ஒரு ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. 1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது; தோல் தொழில்நுட்பம் பொறியியல் பட்டப்படிப்பு ஆயிற்று. வணிகர், பொறியாளர், விஞ்ஞானி என்று இவர்கள் எல்லாரும் வேறு வேறு பின்னணியிலிருந்து தோலுக்கு வந்தவர்கள். சிலர் பணக்காரர் ஆனார்கள், சிலர் பட்டம் வாங்கினார்கள். இவர்களில் யாரையும் தோலைத் தொட்டதற்காக ஊர் ஒதுக்கிவைக்கவில்லை.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைகளில் பசுத்தோலும் ஆட்டுத்தோலும் இருக்கின்றன; இழுத்துக் கட்டும் வார் எருமைத்தோல். வித்வான் நாள்தோறும் விரலால் தொட்டு வாசிப்பது அந்தத் தோலைத்தான். வித்வானுக்குப் பொன்னாடை போர்த்திய சபை, அதே தோலைத் தேடிப்பிடித்து அறுத்து, நாதம் பார்த்து மூட்டிக் கொடுத்தவரை நெடுங்காலம் மேடைக்குக் கீழேகூட உட்காரவைக்கவில்லை. அந்தக் கைவினைஞர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் வாத்தியத்துக்குப் பின்னால் இருந்த பர்லாந்தின் பெயர் பொதுவாசகருக்குப் பரவலாகத் தெரியவர, பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது. அந்த நூலின் வெளியீட்டுக்கு முதலில் ஒப்புக்கொண்ட அரங்கம் பிறகு மறுத்துவிட்டது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. தோலுரிப்பதும் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலிலிருந்து மயிரையும் சதையையும் வழிப்பதும் நாற்றமெடுத்த வேலை. பதனிட்டு மணக்கும் தோலைக் கத்தரித்துத் தைப்பது சுத்தமான வேலை. இரண்டையும் ஒன்றாக வைக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பேருந்து நிலையத்து வாசலில் செருப்புத் தைப்பவர் மாட்டை உரிப்பதில்லை. அவரும் கடையில் தோலும் ரெக்சினும் வாங்கித்தான் தைக்கிறார். கொக்கி ஊசியைக் குத்தி, கீழிருந்து நூலை மடித்து இழுத்து, அந்த மடிப்புக்குள் மறுமுனையை நுழைத்து இறுக்குகிறார். மேசை விளக்கடியில் இருப்பவர் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக நுழைத்துத் தைக்கிறார். ஓர் இழை அறுந்தாலும் மற்றது பிடித்திருக்கும் நல்ல தையல் அது. இரண்டு தையலுக்கும் நடுவே சுத்தத்தில் என்ன வித்தியாசம்? நாற்றம்தான் அளவுகோல் என்றால், பிணக்கூறு ஆய்வு செய்யும் மருத்துவரை என்ன சொல்வது? அவரை நாம் எழுந்து நின்று வணங்குகிறோம்.

அப்படியென்றால் வேற்றுமை எங்கே பிறக்கிறது? திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறதா என்பதில்தான். தென்னாப்பிரிக்காவில் கட்டடக் கலைஞரான காலன்பாக் மரியன்ஹில் மடத்தில் செருப்புத் தைக்கக் கற்று, டால்ஸ்டாய் பண்ணையில் காந்திக்குக் கற்றுக்கொடுத்தார். வழக்கறிஞரான காந்தி சிறையில் தைத்த ஒரு ஜோடி செருப்பை அந்நாட்டு அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல ஆண்டுகள் வைத்திருந்து, 1939இல் காந்தியின் எழுபதாம் பிறந்தநாளையொட்டித் திருப்பியனுப்பினார். அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட வீரர்களுக்கு மருத்துவமனைகளில் தோல்வேலை கற்றுக்கொடுத்தார்கள். 1919இல் செருப்புப் பழுதுக்கடைகளுக்குத் தோல் விற்கத் தொடங்கிய டாண்டி நிறுவனம், போருக்குப் பின் பொழுதுபோக்காகத் தைப்பவர்களுக்குக் கருவியும் தோலும் விற்றுப் பெரிதானது. இவர்கள் எல்லாருக்கும் தோல்வேலை ஆறுதலாகவும் பயிற்சியாகவும் இருந்தது, ஏனென்றால் அதை விட்டுவிட்டு எழுந்து போக முடிந்தது. காந்தியின் எண்ணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. தன் சாதியார் தொடக் கூசிய வேலையை விரும்பிச் செய்தது துணிச்சல்தான். ஆனால் செருப்புத் தைத்ததால் அவர் பாரிஸ்டர் அல்லாமல் போய்விடவில்லை. நம் ஊரில் மோட்டார் வந்து கவலையைப் படுக்கவைத்தபோது தும்பி தைத்தவர்களுக்கும் தோலிலிருந்து விடுதலை கிடைத்தது. அவர்களில் எத்தனையோ பேருக்கு அடுத்துத் திறந்த கதவு நகராட்சியின் துப்புரவு வேலை. ஒரு சாதிக்கென்று ஒதுக்கிய வேலையிலிருந்து இன்னொரு ஒதுக்கிய வேலைக்குப் போனதை வெளியேற்றம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு மறுப்பு அக்கறையோடு வருவது. பரம்பரைக் கைவினைஞர்கள் எல்லாரும் விட்டுவிட்டால் கலை அழிந்துவிடாதா என்பது. கவலைத் தும்பி அழிந்தது, தைத்தவரின் மகன் பள்ளிக்கூடம் போனதாலா? மோட்டார் வந்ததால். நாட்டுச் செருப்பு குறைந்தது ரப்பராலும் பிளாஸ்டிக்காலும். பட்டையில் தோல் பதனிடும் தொழில் சுருங்கியதற்கு, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை 1973க்குப் பின் அரசு கட்டுப்படுத்தியது முக்கியக் காரணம். 1996இல் தோல் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு திண்டுக்கல் தொழிற்சாலைகளையும் தொட்டது. நிலத்தடி நீரைக் கெடுத்த தொழிலுக்கு அது வேண்டிய தீர்ப்பே. இந்தக் காரணங்களில் எதையும் பிள்ளைகளைத் தகப்பன் தொழிலில் கட்டிப்போட்டுத் தடுத்திருக்க முடியாது. ஆனாலும் அந்த ஆசை திரும்பத் திரும்ப வருகிறது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம், பாதி நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்றது. குலக்கல்வி என்று தமிழகம் அதை எதிர்த்தது. மறு ஆண்டு காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. கைவினைஞர்களுக்குக் கடன் கொடுக்க 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்களுள் செருப்புத் தைப்பதும் ஒன்று. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கக் கேட்டும் நடக்காததால் தமிழக அரசு அதைச் செயல்படுத்த மறுத்து, குடும்ப நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கடன் கொடுப்பதற்குப் பிறப்பைக் கேட்காத இந்த ஏற்பாடுதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து.

கதவைத் திறந்துவைத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. முதல் போட முடிந்தவர், ஆங்கிலத்தில் விளம்பரம் எழுதத் தெரிந்தவர் திறந்த கதவுக்குள் முதலில் நுழைவார். பேருந்து நிலையத்தில் அறுபது ரூபாய்க்குப் பேரம் பேசப்படும் கை, கண்ணாடிக் கடையில் ஆயிரங்களுக்குப் பேசப்படுவதை நாம் பார்க்கிறோம். அதனால் பொழுதுபோக்காகத் தைக்கிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் வருவது நல்லது, இன்னும் பலர் வரட்டும். வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் யார் உட்காருகிறார் என்பதுதான் என் கவலை. அரசு பணத்தில் நடக்கும் தோல் பயிற்சி வகுப்பில், முப்பது ஆண்டு தைத்த கைக்குச் சான்றிதழ் கேட்காமல் ஆசிரியர் ஊதியம் கொடுக்க வேண்டும். மிருதங்கம் மூட்டுபவரின் பெயர் கச்சேரி அழைப்பிதழில் வித்வான் பெயரோடு அச்சாக வேண்டும். 2009இல் அருந்ததியருக்குத் தமிழக அரசு கொடுத்த மூன்று விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்ட் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நிலைநிறுத்தியிருக்கிறது. அந்த இடத்தில் சேரும் தொப்பம்பட்டிப் பெண் தோல் தொழில்நுட்பம் படிக்கலாம், மருத்துவம் படிக்கலாம், கணினி படித்துவிட்டுத் தோலைத் தொடாமலே இருக்கலாம். ஒருவேளை வேலை முடிந்து வந்த இரவில் அவளுக்கும் ஊசியும் நூலும் எடுக்கத் தோன்றினால், அது அவள் விருப்பம்.