பெயர்ச்சீட்டில் யார் பெயர்?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கையில் எழுத்தைக் கொடுத்துவரும் கல்விக் கழகத்தின் நிருவாகிகளே! ஆசிரியப் பெருமக்களே! மாணவச் செல்வங்களே!

உலக நாடுகளின் கலைப்பொருள்களை ஓரிடத்தில் காட்சிப்படுத்துதல் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். அத்தகைய கண்காட்சியை அமைக்கும் காப்பாட்சியருக்கு நான்கு கடமைகள் உண்டு. பொருள்களைத் தேர்தல், உரியவரிடமிருந்து அவற்றைப் பெறுதல், ஒன்றின் அருகே மற்றொன்றை வைத்தல், ஒவ்வொன்றிற்கும் பெயர்ச்சீட்டு எழுதுதல் என்பன அவை. இவற்றுள் கடைசிப் பணி எளியதுபோலத் தோன்றும். ஆயினும் ஒரு மக்களை மதிக்கிறோமா, வேடிக்கைப் பொருளாகக் கருதுகிறோமா என்பது அச்சிறு அட்டையில்தான் வெளிப்படுகிறது.

1924ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த வெம்பிளியில் பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சி நடைபெற்றது. நைஜீரியப் பகுதியில் மரக்கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அது யொருபா மக்களின் ஈக்கெரே நகரத்து அரசரான ஒகோகாவின் அரண்மனைக் கதவு. ஒரு பலகையில் அரசர் அரியணையில் வீற்றிருக்கிறார். மறு பலகையில் ஆங்கில அதிகாரி ஒருவர் ஆள்கள் சுமக்க வந்து சேர்கிறார். அதன் அழகில் மயங்கிய பிரித்தானிய அருங்காட்சியகம் அதனைப் பெற விரும்பியது. அரசர் விலைக்குத் தர இசையவில்லை. இங்கிலாந்தில் செய்த அரியணை ஒன்றிற்கு மாற்றாகவே தந்தார். கொடுத்தவரும் கொண்டவரும் அறியப்பட்டனர். செதுக்கியவர் இன்னார் என்பது மட்டும் அந்நாளில் அங்கே அறியப்படவில்லை.

அறுபது ஆண்டுகள் கழிந்தன. 1984இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒரு பெருங்காட்சியை அமைத்தது. பிக்காசோ முதலானோரின் படைப்புகள் ஏறத்தாழ 150. அவற்றோடு ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள், வட அமெரிக்கா ஆகிய நிலங்களின் பழங்குடிப் பொருள்கள் 200க்கும் மேல். நவீன ஓவியர்கள் இப்பொருள்களை எவ்வாறு கண்டனர் என்பதே தம் ஆய்வுப்பொருள் என்றார் காப்பாட்சியர் வில்லியம் ரூபின். பழங்குடிப் பொருள்கள் காலக் குறிப்பும் பயன்பாட்டு விளக்கமும் இன்றி நிறுத்தப்பட்டன என்று திறனாய்வாளர் தாமஸ் மெக்கெவிலி கண்டித்து எழுதினார். அக்கண்டனம் நியாயமானதே என்பது என் கருத்து. ஒருவனுடைய கைத்திறன் பிறனொருவனின் பெருமையைக் காட்டும் கண்ணாடியாக மட்டும் பயன்படுமாயின், அது அவனுக்குச் செய்த மரியாதை ஆகாது.

அக்காட்சியிலேயே போற்றத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. பெர்லினில் இருந்த சூனி மக்களின் போர்த்தெய்வ உருவம் ஒன்றை இரவலாகக் கொணர எண்ணியிருந்தனர். அவ்வுருவங்கள் திறந்தவெளியில் வைக்கப்பட்டு, வெயிலிலும் மழையிலும் தாமாக மட்கிப்போக வேண்டியவை. அவற்றைப் பொதுவில் காட்டுவது தெய்வ நிந்தனை என்பது சூனி மக்களின் கொள்கை. ஆகவே அவ்வுருவம் நியூயார்க்கிற்கு வரவில்லை. காட்டாமல் விடுவதும் காப்பாட்சியரின் கடமைகளுள் ஒன்று என்பதை இதனால் அறிகிறோம்.

1989இல் பாரிசில் ழான்-யூபேர் மார்த்தேன் வேறு வழி கண்டார். நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்களை அழைத்தார். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் மேலை நாடுகளுக்கு அப்பாற்பட்டவர்கள். அனைவரும் வாழும் கலைஞர்களாக, பெரும்பாலும் தத்தம் பெயராலேயே இடம்பெற்றனர். பீகாரின் மிதிலை ஓவியர் பவுவா தேவியும், மகாராட்டிரத்து வார்லி ஓவியர் ஜிவ்யா சோமா மாஷேயும் அங்கிருந்தனர். ஆஸ்திரேலியாவின் யுவெண்டுமு ஊர் மக்கள் தரையில் தம் மண் ஓவியத்தை அமைத்தனர். அதற்கு மேலே சுவரில் ஆங்கிலேயர் ரிச்சர்ட் லாங் சேற்றால் வட்டம் தீட்டினார்.

இதுவும் குறையற்றதன்று. எவரைச் சேர்ப்பது, எவரை விடுப்பது என்னும் அதிகாரம் பாரிசிலேயே இருந்தது எனப் பலர் சுட்டிக்காட்டினர். அன்பர்களே, அழைக்கப்படுவது வேறு. அழைக்கும் இடத்தில் அமர்வது வேறு. முன்னது பிறர் தருவது. பின்னதற்குக் கல்வி வேண்டும்.

நிற்க. அந்த மரக்கதவைச் செதுக்கியவர் யார்? ஈசே ஊரைச் சேர்ந்த ஒலோவே என்பவர், 1938இல் மறைந்தவர். அவர் பெயர் பின்னாளில் ஆய்வாளர்க்குத் தெரியவந்தது. அவருடைய சொந்த மக்களோ அதனை என்றுமே மறந்தவர்களல்லர். அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1988இல், அவருடைய மனைவியருள் ஒருவர் கணவரின் திறத்தைப் போற்றும் புகழ்ப்பாடலைப் பாட, ஆய்வாளர் ஒருவர் பதிவு செய்தார். 1998இல் வாஷிங்டனிலுள்ள ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகம் ஒலோவே ஒருவருக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது. அட்டையில் இல்லாத பெயர் ஒரு மூதாட்டியின் நாவில் இருந்தது. கேட்பதற்குத்தான் நெடுங்காலம் எவரும் செல்லவில்லை.

மாணவச் செல்வங்களே! நீங்கள் எந்த அருங்காட்சியகத்திற்குச் சென்றாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதைச் செய்தவர் யார்? இஃது இங்கே வந்தது எவ்வாறு? இந்த அட்டையை எழுதியவர் யார்? முதலிரண்டு வினாக்களுக்கும் விடை கிடைக்காத இடங்களில், மூன்றாவது வினாவிற்கு விடையாக நாளை உங்களுள் ஒருவர் அமர்தல் வேண்டும். உழைத்தவரின் பெயரைக் கேட்டறிந்து, பிழையின்றி அட்டையில் எழுதும் காப்பாட்சியர்களும் இக்கழகத்திலிருந்து தோன்றுவார்களாக என வாழ்த்தி அமர்கிறேன்.